கொல்கத்தாவில் மூன்று நாள்: அம்மாவுக்கு என்ன, எனக்கு என்ன?

கேள்வி, 3 ஜனவரி 2025

ஜனவரி 18 சனிக்கிழமை காலை நானும் அம்மாவும் ஹவுராவில் இறங்குகிறோம். 21 செவ்வாய் மாலை கிளம்பிவிடுவோம். எனக்கு மூன்று மணி நேர வேலை ஒன்று இருக்கிறது, மற்றபடி ஊர் சுற்றல்தான். அம்மாவுக்கு வயது 64, சைவம். வெங்காயம் பூண்டு பரவாயில்லை, ஆனால் மீன் வாடை அடித்தால் எழுந்து போய்விடுவார். நான் எல்லாம் சாப்பிடுவேன். தேடினால் எல்லா இடத்திலும் அதே பத்துக் கடைகளின் பெயர்தான் வருகிறது. போய்ச் சாப்பிட்டவர்கள் யாராவது சொல்லுங்கள். இட்லி கிடைக்குமா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

4 ஜனவரி, இரவு

நான் ஆம்பூர்க்காரன். தோல் வேலையாக 2009-இலிருந்து கொல்கத்தா போய் வருகிறேன். முன்பு டாங்ராவில் இருந்த தோல் பதனிடும் பட்டறைகள் நீதிமன்ற உத்தரவால் ஊருக்கு வெளியே பந்தாலாவுக்குப் போய்விட்டன, எங்கள் வேலை அங்கேதான். ஒன்பது தடவை போயிருக்கிறேன், ஒரு தடவைகூட நான்கு நாளுக்கு மேல் தங்கியதில்லை. குடியிருப்பவர் அளவுக்கு ஊர் தெரியாது. இரண்டு மூன்று நாளில் எப்படிச் சாப்பிடுவது என்பது மட்டும் தெரியும்.

முதல் தடவை போனபோது நண்பர் ஒருவர் பதினோரு கடைப் பெயர்களை எழுதிக் கொடுத்தார். முதல் நாளே ஆறு கடை ஏறி இறங்கினேன். மறுநாள் டீயைத் தவிர எதுவும் இறங்கவில்லை. அதைவிட வருத்தம், அந்த ஆறில் நான்கு கடைக்குத் தப்பான நேரத்தில் போயிருந்தேன். கொச்சூரி, அதாவது உள்ளே பூரணம் வைத்துப் பொரிக்கும் பூரி, விற்கிற கடைக்குப் பதினோரு மணிக்குப் போனால் ஆறிப்போனது கிடைத்தது. சாப்பாட்டுக் கடைக்கு மூன்று மணிக்குப் போனால் மீன் தீர்ந்துவிட்டது. அலுவலகக்காரர்கள் சாப்பிடும் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் பாதி அடுப்பு எரியவில்லை.

அதனால் எந்தக் கடை என்று கேட்காதீர்கள், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அந்த ஊரில் ஒவ்வொரு தின்பண்டத்துக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் போனால் பெயர் தெரியாத கடையில்கூட நன்றாக இருக்கும், நேரம் தவறினால் நூறு வருடக் கடையிலும் மிச்சம் மீதிதான். விடிகாலையில் சீனர்களின் காலை உணவு, ஏழிலிருந்து ஒன்பதுக்குள் கொச்சூரி, பன்னிரண்டு மணிக்குச் சோறு, பொழுது சாயும்போது பொரியும் பஜ்ஜியும், எட்டுக்கு மேல் பரோட்டாவில் முட்டையோ கறியோ வைத்துச் சுருட்டித் தரும் ரோல். டீ மட்டும் எப்போதும்.

இட்லி கிடைக்கும். ஆனால் மூன்று நாளுக்காக அவ்வளவு தூரம் போய் இட்லி தேட வேண்டாம் என்பேன்.

4 ஜனவரி, அரை மணி கழித்து

ஒன்று விட்டுப்போனது. ஹவுராவில் இறங்கியதும் டாக்சி வரிசையில் நிற்காதீர்கள். நிலையத்துக்கு எதிரே படித்துறை இருக்கிறது, லாஞ்சில் ஏறி ஹூக்ளியைக் கடந்து விடுங்கள். ஜனவரிப் பனியில் ஹவுரா பாலம் பாதி தெரியும் பாதி தெரியாது. ஆற்றுக்கு அடியில் மெட்ரோவும் 2024 மார்ச்சிலிருந்து ஓடுகிறது, மூட்டை அதிகமென்றால் அது. ஆனால் முதல் டீயை ஆற்றங்கரையில் மண் குவளையில் குடித்தால்தான் வந்த மாதிரி இருக்கும். அந்தக் குவளையின் பெயர் நம் காதில் ‘பார்’ என்று விழும், மது விற்கும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். குடித்ததும் கூடையில் போட்டுவிட வேண்டியதுதான். டீ நம் ஊரில் தருவதில் பாதி அளவு இருக்கும், இரண்டாகக் கேளுங்கள். பால் வேண்டாமென்றால் ‘லெபு சா’, எலுமிச்சையும் கறுப்பு உப்பும் போட்டது.

5 ஜனவரி

அம்மாவுக்காக யோசித்தேன். முதலில் ஒரு சொல்லை மனப்பாடம் செய்யுங்கள்: நிராமிஷ். சைவம் என்று பொருள், வழக்கத்தில் வெங்காயம் பூண்டும் இல்லாதது. ‘காய்கறி’ என்று கேட்டு வாங்குவது போதாது. வங்காளிகள் முட்டைக்கோஸில் மீன் தலை போட்டுச் சமைப்பார்கள், பாசிப்பருப்பில் போடுவார்கள், கீரையில் போடுவார்கள். அவர்களுக்கு அது காய்கறிதான், நம்மை ஏமாற்றுவதற்காகச் செய்வதில்லை. நிராமிஷ் என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். அந்தக் காலத்து வங்காள விதவைகள் மீனும் வெங்காயமும் இல்லாமல் சாப்பிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டார்கள், அவர்கள் கையில் வளர்ந்த சமையல் அது. அதன் ருசியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டாயமும் நினைவுக்கு வரும்.

மதியச் சாப்பாட்டுக்குப் ‘பைஸ் ஹோட்டல்’ போங்கள். ஒரு பைசாவுக்குச் சோறு போட்ட காலத்தில் வந்த பெயர். காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் பவானி தத்தா சந்தில் ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல், நியூ மார்க்கெட் பக்கம் சித்தேஸ்வரி ஆஸ்ரமம், ராஷ்பிஹாரி அவென்யூவில் தருண் நிகேதன். மூன்றிலும் சாப்பிட்டிருக்கிறேன். பலகையில் அன்றைய மீனும் காயும் எழுதியிருக்கும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனி விலை, வாழை இலைக்குத் தனியாக, எலுமிச்சைத் துண்டுக்குத் தனியாக. பரிமாறுகிறவர் எதையும் எழுதிக்கொள்ள மாட்டார், எழுந்திருக்கும்போது கடகடவென்று ஒப்பிப்பார், கணக்கு சரியாக இருக்கும்.

நாம் சாம்பார், ரசம், மோர் என்று போவது போல அவர்களுக்கும் வரிசை இருக்கிறது. முதலில் கசப்பு. பாகற்காய், முருங்கைக்காய், வாழைக்காய், வடகம் எல்லாம் போட்ட ஷுக்தோ. பிறகு பருப்பு, வறுவல், காய், மீன், கறி, கடைசியில் தக்காளியும் பேரீச்சையும் போட்ட இனிப்புச் சட்னி, அப்பளம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கொஞ்சம் சோற்றோடு சாப்பிட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்தால் பக்கத்து மேசைக்காரர் மனம் பொறுக்காமல் சொல்லிக்கொடுப்பார், எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர்.

மோச்சா என்றால் வாழைப்பூ, தோர் என்றால் வாழைத்தண்டு. ஆலு போஸ்தோ என்பது உருளைக்கிழங்கும் கசகசாவும். நாம் குருமாவில் ஒரு கரண்டி அரைத்து விடுகிற கசகசாவை அவர்கள் கெட்டியாக அரைத்து அதையே கறியாக்குவார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அபினிக்காகக் கசகசாச் செடியைப் பயிரிட வைத்தார்கள், அபினி கப்பலேறியது, விதை ஊரில் தங்கியது, அதிலிருந்து வந்த பழக்கம் என்பார்கள். அன்றைக்கு ஏழைகளின் சாப்பாடு. இன்று கசகசா விற்கிற விலையில் அந்தக் கிண்ணம்தான் சைவத்தில் விலை அதிகம்.

இன்னொன்று, தண்ணீருக்கு அங்கே ‘ஜொல்’, குழம்புக்கு ‘ஜோல்’. அவர்களுக்கு முதல் எழுத்தே வேறு, நம் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். டம்ளரைக் கையால் காட்டிவிட்டுக் கேளுங்கள்.

5 ஜனவரி, மாலை

நேற்றும் இன்றும் எழுதியதை மறுபடி படித்தேன். மீன் வாடை அடித்தால் அம்மா எழுந்து போய்விடுவார் என்று நீங்கள் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், நான் பாட்டுக்குப் பைஸ் ஹோட்டலைப் புகழ்ந்துகொண்டிருக்கிறேன். அங்கே சமையல்கட்டு, மேசை, காற்று எல்லாம் மீன்தான். அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். நீங்கள் மட்டும் ஒரு நாள் போங்கள். அம்மாவுக்கு வேறு வழி சொல்கிறேன்.

6 ஜனவரி

அம்மாவுக்கு வழி: இனிப்புக் கடை. நான் சொல்வது காலை ஏழு மணி இனிப்புக் கடை. அந்தக் கடைகளில் காலையில் கொச்சூரி போடுவார்கள், அங்கே மீனுக்கு வேலையே இல்லை. நீங்கள் போவது ஜனவரி, அது பச்சைப் பட்டாணிக் காலம். பட்டாணியை அரைத்து இஞ்சி சேர்த்து உள்ளே வைத்த கொராய்ஷுட்டிர் கொச்சூரி குளிர்காலத்தில்தான் கிடைக்கும். கூட ஆலூர் தொம் என்கிற உருளைக்கிழங்குக் கறி, அல்லது சோலார் டால் என்கிற கடலைப் பருப்பு. அந்தப் பருப்பில் தேங்காயைப் பல்லுப் பல்லாகப் போடுவார்கள். நம் ஊர் அம்மாக்களுக்கு அந்தத் தேங்காயைக் கடித்ததும் முகம் மாறிவிடும், பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் மதியத்துக்கு பேலூர் மடம். காலையில் மெட்ரோவில் தட்சிணேஸ்வரம் போங்கள், 2021-இலிருந்து மெட்ரோ அதுவரை போகிறது. காளியைப் பார்த்துவிட்டுப் படகில் ஆற்றைக் கடந்தால் பேலூர். மதியம் பிரசாதமாகக் கிச்சுரி கிடைக்கும், காலையிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அரிசியும் பருப்பும் குழைய வெந்தது, நம் பொங்கலின் தங்கை. ஞாயிறு கூட்டம் தாங்காது, திங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

6 ஜனவரி, இரவு

பிரியாணி பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஆம்பூர்க்காரனிடம் கேட்டால் பதில் நீளும்.

எங்கள் ஊரில் சீரகச் சம்பா, மிளகாய் விழுது, கத்தரிக்காய்ப் பச்சடி. அங்கே நீள அரிசி, காரம் மிகக் குறைவு, ரோஜாப் பன்னீரும் மீட்டா அத்தர் என்கிற வாசனைத் திரவமும் மணக்கும், உள்ளே முழு உருளைக்கிழங்கு ஒன்று. முதல் தடவை தட்டைப் பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது. மூன்றாவது தடவைதான் புரிந்தது. கறியின் கொழுப்பையும் குங்குமப்பூ வாசத்தையும் மொத்தமாகக் குடித்துவிட்டு அந்தக் கிழங்கு உட்கார்ந்திருக்கிறது. இப்போது கிழங்கைத்தான் முதலில் உடைக்கிறேன். 1856-இல் ஆங்கிலேயர் அவத் நாட்டைப் பிடுங்கிக்கொண்டு நவாப் வாஜித் அலி ஷாவைத் துரத்தியபோது அவர் கொல்கத்தா வந்து மெட்டியாபுருஸில் தங்கினார், கறிக்குக் காசு போதாமல் சமையல்காரர்கள் கிழங்கைச் சேர்த்தார்கள்.

7 ஜனவரி

நேற்று எழுதியதில் கடைசி வரியைத் திருத்துகிறேன். ‘காசு போதாமல்’ என்பதை உறுதியான செய்தி போல எழுதிவிட்டேன். அது சொல்லிச் சொல்லி நிலைத்த கதை, நவாபின் வம்சத்தார் அதை மறுக்கிறார்கள். அவருக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் ரூபாய் ஓய்வூதியம் வந்தது, கூண்டுகளில் விலங்குகள் வளர்த்தவர், ஆட்டுக்கறிக்கு அல்லாடியிருப்பாரா? அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கு புதுப் பண்டம், ருசிக்காகவே சேர்த்திருப்பார்கள் என்பது அவர்கள் பக்கத்து வாதம். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது, கிழங்கைச் சாப்பிட்ட வாய் சொல்கிறது.

9 ஜனவரி

இனிப்பு. இதை நிதானமாக எழுத வேண்டும் என்று இரண்டு நாள் தள்ளி வைத்தேன்.

கொல்கத்தா என்றதும் எல்லோரும் ரசகுல்லா என்பார்கள். 1868-இல் பாக்பஜாரில் நொபின் சந்திர தாஸ் செய்தது, 2017-இல் ‘பாங்லார் ரசகொல்லா’ என்று புவிசார் குறியீடு வாங்கினார்கள், இரண்டு வருடம் கழித்து ஒடிசாவும் தன் ரசகோலாவுக்கு வாங்கியது. அது இருக்கட்டும். ஜனவரியில் போகிறவர் வெள்ளை ரசகுல்லாவில் வயிற்றை நிரப்பக் கூடாது. அது வருடம் முழுக்க இருக்கும்.

ஜனவரிக்கு நொலேன் குர். அங்கே ஈச்ச மரத்தைச் சீவிப் பதநீர் இறக்கிக் காய்ச்சுகிற வெல்லம். நம் பனங்கருப்பட்டிக்கு உறவு, ஆனால் வாசம் வேறு, புகையும் பூவும் சேர்ந்தது போல. குளிர் ஏற ஏறத்தான் பதநீர் தெளிவாக இறங்கும், அதனால் டிசம்பர், ஜனவரிதான் உச்சம். மார்ச்சில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள். பாலைத் திரித்துச் செய்கிற இனிப்பு சந்தேஷ். இந்த வெல்லம் போட்டால் அது இளம் பழுப்பு நிறத்தில் இருக்கும். கடைக்காரர் நொரோம் பாக்கா, கொரா பாக்கா என்று கேட்பார். இளம்பதம், முற்றின பதம். நொரோம் பாக் அன்றைக்கே சாப்பிட, கொரா பாக் ஊருக்குக் கொண்டு வர.

ஹேதுவா பக்கம் கிரீஷ் சந்திர தே, நகூர் சந்திர நந்தி என்று இரண்டு பெயரும் சேர்ந்த கடை, 1844-இலிருந்து இருக்கிறது. கம்பி போட்ட ஜன்னல் வழியாகத்தான் வாங்க வேண்டும். ஜொல்பொரா சந்தேஷ் கேளுங்கள். கடித்தால் உள்ளேயிருந்து வெல்லப்பாகு வழியும், சட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வகை முதலில் சந்தன்நகரில் பிறந்தது. நான் அங்கே நின்றபடியே நான்கு சாப்பிட்டுவிட்டுப் பெட்டியில் கட்டச் சொன்னேன், கட்டுகிற பையன் ஐந்தாவதைத் தானாகவே நீட்டினான்.

ஜெயநகர் மோவாவும் இதே பருவம்தான். கனக்சூர் என்ற நெல்லைப் பொரித்து நொலேன் குரில் பிடித்த உருண்டை. வாங்கினால் சீக்கிரம் காலி செய்துவிட வேண்டும், காய்ந்தால் பயனில்லை.

மதியத் தூக்கம் அங்கே பல கடைகளுக்கு உண்டு, இனிப்புக் கடைக்குக் காலை அல்லது மாலை போங்கள்.

9 ஜனவரி, பின்குறிப்பு

வெல்லம் வாங்கி வருவதென்றால் பாட்டாலி என்று கேளுங்கள், அதுதான் கட்டி. ஜோலா குர் என்றால் பாகு, பெட்டியில் கொட்டினால் துணியெல்லாம் போய்விடும். பாட்டாலியை நகத்தால் கீறிப் பாருங்கள். நல்லதென்றால் நகம் பதியும், சர்க்கரை கலந்தது கல்லாக இருக்கும். ஒரு தடவை அவசரத்தில் வழியில் இரண்டு கிலோ வாங்கிவிட்டு வீட்டில் வந்து பார்த்தால் வாசமே இல்லை, பொங்கலுக்குக்கூடப் போட மனம் வரவில்லை.

12 ஜனவரி

நீங்கள் பதில் எழுதியிருந்தீர்கள்: “அம்மா இரண்டு நாள் தயிர்சோறு இல்லாமல் இருந்தால் தலைவலி என்று படுத்துவிடுவார்.” அதைப் படித்ததிலிருந்து முதல் நாள் நான் எழுதிய ஒரு வரி உறுத்துகிறது. இட்லி தேட வேண்டாம் என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன், ஏன் என்றும் சொல்கிறேன்.

2016-இல் என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவருக்கு 71. அவர் எல்லாம் சாப்பிடுகிறவர்தான், முதல் நாள் மீனை ரசித்தே சாப்பிட்டார். இரண்டாவது நாள் மதியம் கடுகு எண்ணெயில் செய்த ஒன்றை வாயில் வைத்துவிட்டு அப்படியே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பசிக்கவில்லை என்றார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது, இவ்வளவு தூரம் கூட்டி வந்திருக்கிறேனே என்று. சாயங்காலம் காளிகாட் மெட்ரோவில் இறங்கி ராஷ்பிஹாரி அவென்யூவில் நடந்துகொண்டிருந்தோம். லேக் மார்க்கெட் கிட்டே வந்ததும் அவர் நின்றுவிட்டார். காபிக்கொட்டை வறுக்கிற வாசம். தெருவோரத்தில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், மல்லிகைச் சரம், ஒரு அம்மா தமிழில் வெண்டைக்காய் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். பல தலைமுறையாகத் தமிழர்கள் குடியிருக்கிற பகுதி அது. கோமள விலாஸில் உட்கார்ந்தோம். இரண்டு இட்லி, காபி, பிறகு தயிர்சோறு. அப்பா ஒன்றும் பேசவில்லை, தட்டை வழித்துச் சாப்பிட்டார். மறுநாள் காலை அவராகவே “அந்த மீன் கடைக்குப் போகலாமா” என்றார்.

ஆகவே ஞாயிறு இரவு லேக் மார்க்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நம் ஊர்ச் சாப்பாடு போடும் கடைகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. நடுவில் ஒரு வேளை நம் சாப்பாடு விழுந்தால்தான் அடுத்த நாள் புது ருசிக்கு நாக்கு தயாராகும், அம்மாவுக்கு மட்டுமில்லை, உங்களுக்கும்.

தயிருக்கு இன்னொரு வழி: மிஷ்டி தொய் என்று பானையில் வைத்திருப்பது இனிப்புத் தயிர். டோக் தொய் என்று கேளுங்கள், புளித்த வெறும் தயிர் கிடைக்கும். தங்குமிடத்துக்கு வாங்கிப் போய்ச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம்.

13 ஜனவரி

தெருத் தீனி சாப்பிட்டால் வயிறு கெடுமா என்று ஒருவர் கேட்கிறார். என் அனுபவம் தலைகீழ். ஒன்பது பயணத்தில் ஒரு தடவைதான் வயிறு கெட்டது, அது குளிர்பதன அறையில் துணி விரித்த மேசையில், இரவு பத்தரைக்கு, கடை மூடப்போகும் நேரத்தில் மறுபடி சுடவைத்துக் கொடுத்த கறியால். அதுவும் நேரம் தவறியதுதான். தெருவில் எண்ணெய் கொதிக்கும்போது கண் முன்னால் பொரித்துக் கொடுப்பதில் எனக்கு எதுவும் ஆனதில்லை. தண்ணீர்தான் பயம். குடிக்கப் பாட்டில் வாங்குங்கள்.

அந்தக் கணக்கில் நம் பானிபூரி மாதிரியான புச்காவுக்கு இடம் உண்டா என்றால், புளித் தண்ணீர் எங்கே பிடித்ததோ தெரியாது. நான் சாப்பிடுவேன். அம்மாவுக்குக் கொடுக்கச் சொல்ல மாட்டேன், தண்ணீர் இல்லாமல் கிழங்கு மட்டும் வைத்துக் கொடுக்கச் சொல்லலாம். பானிபூரியின் இனிப்புச் சட்னி இதில் கிடையாது. மசித்த கிழங்கு, கறுப்புக் கடலை, பச்சை மிளகாய், கந்தராஜ் எலுமிச்சை வாசம், புளி. கடைசியில் கையை நீட்டிக்கொண்டே நில்லுங்கள், ஒன்று இலவசமாக வரும். அதற்கு அங்கே ‘ஃபாவ்’ என்று பெயர், நம் கொசுறு. கொசுறு கொடுக்காத புச்காக்காரரை நான் பார்த்ததில்லை.

பொழுது சாயும்போது தெலேபாஜா கடைகள், எண்ணெயில் பொரித்த பலகாரம் விற்பவை. கட்லெட் மாதிரியான வாழைப்பூ சாப், குளிர்காலத்துக்கென்று பீட்ரூட்டும் வேர்க்கடலையும் வைத்த வெஜிடபிள் சாப். அம்மா சாப்பிடலாம், ஆனால் அதே எண்ணெயில் மீன் வறுக்கிறார்களா என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கூட ஒரு பொட்டலம் ஜால் முடி, பொரியில் பச்சைக் கடுகு எண்ணெய் ஊற்றிக் குலுக்கியது. மூக்கில் ஏறும்.

15 ஜனவரி

பொங்கல் வேலையில் இந்தப் பக்கம் வரவில்லை. மது பற்றிக் கேட்டவருக்கு: பார்க் ஸ்ட்ரீட்டில் பழைய இடங்கள் இருக்கின்றன, எனக்குப் பழக்கமில்லை, தெரிந்தவர்கள் எழுதட்டும். குடிக்க என்றால் நான் சொல்வது பாராமௌன்ட். காலேஜ் ஸ்கொயரில், 1918-இலிருந்து சர்பத் மட்டும் விற்கிறார்கள். டாப் சர்பத், அதாவது இளநீர்ச் சர்பத், வேதியியலாளர் பிரஃபுல்ல சந்திர ராய் சொல்லிக்கொடுத்தது என்பார்கள். வழுக்கையை அடியில் விட்டிருப்பார்கள், கரண்டி கேளுங்கள்.

பக்கத்திலேயே காபி ஹவுஸ், பழைய ஆல்பர்ட் ஹால் கட்டடம், 1942-இலிருந்து. காபிக்காகப் போகாதீர்கள், டிகாக்‌ஷன் காபிக்காரர்களுக்கு அந்தக் காபி ஏமாற்றம்தான், நான் பொய் சொல்ல மாட்டேன். மேல்தளத்தில் கைப்பிடிச் சுவர் ஓரமாக இடம் பிடித்து ஒரு மணி நேரம் கீழே நடக்கிற பேச்சைக் கேட்டுக்கொண்டிருங்கள். யாரும் எழுப்ப மாட்டார்கள்.

16 ஜனவரி

ஞாயிறு காலை நீங்கள் மட்டும் ஐந்தரைக்கு எழுந்துகொள்ள முடியுமா? சென்ட்ரல் மெட்ரோ பக்கம், போத்தார் கோர்ட்டுக்குப் பின்னால் டிரெட்டா பஜார். ஆறிலிருந்து எட்டுக்குள் முடிந்துவிடும். சீனக் குடும்பங்கள் வீட்டில் செய்து கொண்டுவந்து தெருவில் வைத்து விற்கிற காலை உணவு: மீன் உருண்டைச் சூப், உள்ளே பன்றிக்கறி வைத்த பாவ் என்கிற சீன ரொட்டி, ஆவியில் வெந்த மோமோ. இருநூறு வருடத்துக்கு மேலாக அந்தச் சமூகம் கொல்கத்தாவில் இருக்கிறது, 1962 இந்திய-சீனப் போருக்குப் பிறகு நிறையப் பேர் ஊரைவிட்டே போனார்கள். 2009-இல் நான் பார்த்தபோது விற்றவர்களில் பெரும்பாலும் சீனப் பாட்டிகள். பின்னாளில் போனபோது அவர்கள் இரண்டு மூன்று பேர்தான், மற்றதெல்லாம் வழக்கமான பூரியும் மோமோவும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன், அந்தச் சூப் இன்னும் எத்தனை ஞாயிறுக்கோ.

17 ஜனவரி

சின்னத் திருத்தங்கள். காலேஜ் ஸ்ட்ரீட்டை ஞாயிறு வைக்காதீர்கள், புத்தகக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அலுவலகத் தெரு என்று முதல் நாள் எழுதினேனே, அது டாக்ரஸ் லேன், எஸ்பிளனேடு பக்கம், இப்போதைய பெயர் ஜேம்ஸ் ஹிக்கி சரணி. வேலை நாள் மதியம் கோழி ஸ்டூவும் டோஸ்ட்டும். காரமே இல்லாத, பப்பாளித் துண்டு மிதக்கிற சாறு. வயிறு சோர்ந்த நாளுக்கு அதுதான் மருந்து.

ஹில்சா கேட்காதீர்கள். அது மழைக்கால மீன், ஜனவரியில் கிடைப்பது பெரும்பாலும் குளிரில் பதுக்கியது. பாப்தா, பார்ஷே, அல்லது காலிஃபிளவர் போட்ட கொய் மீன் கேளுங்கள்.

நல்லபடியாகப் போய் வாருங்கள்.

24 ஜனவரி

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். டிரெட்டா பஜாருக்கு எட்டரைக்குப் போய் சூப் கிடைக்காதது வருத்தம்தான். ஆனால் அம்மா மூன்று காலையும் ஒரே கொச்சூரிக் கடைக்குப் போக வேண்டும் என்றார், மூன்றாம் நாள் கடைக்காரர் “மா, போஷுன்” என்று நாற்காலி போட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது நான் ஒன்பது பயணத்திலும் பெறாதது. ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போகலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஒவ்வொரு வேளையும் புது இடம் என்றே ஓடியிருக்கிறேன். அடுத்த தடவை ஒரு கடையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாளும் போகப் போகிறேன்.

லேக் மார்க்கெட்டில் அம்மா தயிர்சோறு சாப்பிடாமல் அடை கேட்டார் என்பதைப் படித்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

2 பிப்ரவரி

அம்மா செய்து பார்த்த சோலார் டால் ‘நம் வீட்டுக் கூட்டு மாதிரி’ வந்துவிட்டது என்றீர்கள். தேங்காயைத் துருவியிருப்பீர்கள், அதுதான். கடலைப் பருப்பைக் குழைய விடாமல், பருப்பு பருப்பாக நிற்கும்படி வேகவையுங்கள். தேங்காயைச் சின்னச் சின்னப் பல்லாக நறுக்கி நெய்யில் சிவக்க வறுத்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே நெய்யில் பிரிஞ்சி இலை, காய்ந்த மிளகாய், சீரகம், பட்டை, ஏலக்காய், கொஞ்சம் பெருங்காயம், பிறகு இஞ்சி விழுது. மஞ்சளும் உப்பும் சேர்த்துப் பருப்பைக் கொட்டுங்கள். உலர்ந்த திராட்சை ஒரு கைப்பிடி, சர்க்கரை ஒரு கரண்டி, தயங்காமல் போடச் சொல்லுங்கள், அதில்தான் நம் கூட்டிலிருந்து அது பிரிகிறது. தேங்காய்ப் பல்லைக் கடைசியில் போட்டு ஒரு கொதி. கடுகு, கறிவேப்பிலை தாளிக்க வேண்டாம், அம்மாவின் கை தன்னால் அங்கே போகும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.